அளவு முன்னே, அடிப்படை பின்னே: ஆங்கில ஒப்பீட்டு வாக்கியமும் வன்னி மாணவரும்



ஒன்றைவிட இன்னொன்று எவ்வளவு கூட, எவ்வளவு குறைய, எத்தனை மடங்கு என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது சொற்கள் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். இலக்கணப் புத்தகங்கள் பலவற்றில் இது அரைப் பக்கத்துக்குள் முடிந்துவிடும். ஆயினும் இலங்கையின் வடக்கிலுள்ள நம் வன்னியில் இதற்கு ஒரு முழு உரை தேவை என்று கருதுகிறேன். அளவுகளை ஒப்பிடுவது இந்த மண்ணின் அன்றாட வேலை. இந்தக் காலபோக நெற்செய்கையில் ஏக்கருக்கு எத்தனை மூடை, போன முறையைவிட எவ்வளவு குறைவு. இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் எத்தனை அடி, போன ஆண்டு இதே மாதத்தில் எத்தனை அடி. கண்ணிவெடி அகற்றிய நிலம் எவ்வளவு, இன்னும் அகற்ற வேண்டியது அதில் எத்தனை பங்கு. முல்லைத்தீவுக் கரையில் மீன் வரத்து முன்னைய ஆண்டில் பாதியா, முக்கால்வாசியா? இவற்றை நாம் தமிழில் கணக்கிடுகிறோம், தமிழில் வாதாடுகிறோம். ஆனால் நிதி தரும் நிறுவனத்துக்கும், கொழும்பிலுள்ள பல அலுவலகங்களுக்கும், வெளிநாட்டுக்கும் போகும் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே போகும் நம் பிள்ளைகள் அளவுகளை ஆங்கிலத்தில்தான் ஒப்பிட்டு எழுதப்போகிறார்கள். ஆகவே இந்த அரைப் பக்க இலக்கணம் நமக்கு வாழ்வோடு தொடர்புடையது. இதைத் தமிழ் மாணவர் பிழையாக எழுதுவதற்குக் காரணம் அவர்களுடைய தமிழ் அன்று. இரண்டு மொழிகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று நாம் அவர்களுக்குக் காட்டத் தவறுவதே காரணம். இதுவே நான் நிறுவ விரும்பும் கருத்து.

உதாரணத்தை நம் மாவட்டங்களிலிருந்தே எடுப்போம். முல்லைத்தீவு 1978 இல் தனி மாவட்டமாயிற்று. கிளிநொச்சி 1984 இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. முல்லைத்தீவின் பரப்பு ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். கிளிநொச்சியின் பரப்பு ஏறத்தாழ 1,280. ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிளிநொச்சியில் ஏறக்குறைய 113,000 பேர், முல்லைத்தீவில் ஏறக்குறைய 92,000 பேர். தமிழில் இதை இரண்டு வாக்கியங்களில் சொல்லலாம். முதலாவது: கிளிநொச்சியைப்போல் இரண்டு மடங்கு நிலம் முல்லைத்தீவில் இருக்கிறது. இரண்டாவது: கிளிநொச்சியைவிட 21,000 பேர் குறைவாக முல்லைத்தீவில் இருந்தார்கள். இவற்றை ஆங்கிலத்தில் சொல்வதானால், ‘முல்லைத்தீவு ஹாஸ் ட்வைஸ் ஆஸ் மச் லேண்ட் ஆஸ் கிளிநொச்சி’ என்றும், ‘முல்லைத்தீவு ஹாட் ட்வென்டிவன் தவுசண்ட் ஃபியூவர் பீப்பிள் தேன் கிளிநொச்சி’ என்றும் வரும். இந்த நான்கு வாக்கியங்களையும் அருகருகே எழுதிப் பார்த்தால் நான்கு உறுப்புகள் தெரியும். எதனோடு ஒப்பிடுகிறோமோ அது அடிப்படை, இங்கே கிளிநொச்சி. எவ்வளவு வேறுபாடு என்பது அளவு. இங்கே இரண்டு மடங்கு, அல்லது 21,000. கூட, குறைய, அதே அளவு என்று காட்டுவது ஒப்புச்சொல். எதை எண்ணுகிறோமோ, எதை அளக்கிறோமோ அது பொருள். இங்கே நிலமும் மக்களும். ஆங்கிலத்தின் வரிசை ஒன்றே: அளவு, ஒப்புச்சொல், பொருள், அடிப்படை. தமிழில் அடிப்படை முதலில் வருகிறது. அளவும் ஒப்புச்சொல்லும் அதன் பின்னே வருகின்றன.

நம் வகுப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஓர் அறிவுரை உண்டு: தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னுக்கு எடுத்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்பது. ‘கிளிநொச்சியிலிருந்து’ என்பதில் ஊர் முன்னும் உருபு பின்னும் நிற்க, ஆங்கிலத்தில் உருபு முன்னும் ஊர் பின்னும் நிற்கும். ‘சோறு சாப்பிட்டான்’ என்பதில் சோறு முன்னே. ஆங்கிலத்தில் ‘சாப்பிட்டான்’ என்ற வினையே முன்னே. இத்தகைய இடங்களில் அந்த அறிவுரை உதவுகிறது. அளவு ஒப்பீட்டில் அது மாணவரைப் படுகுழியில் தள்ளுகிறது. ‘21,000 பேர் குறைவு’ என்பதைத் தலைகீழாக்கும் மாணவர் ‘ஃபியூவர் பீப்பிள் ட்வென்டிவன் தவுசண்ட்’ என்றுதான் எழுதுவார். அறிவுரையை நம்பாத இன்னொரு மாணவர் தமிழ் வரிசையை அப்படியே வைத்து, ‘தேன் கிளிநொச்சி’ என்பதை வாக்கியத்தின் நடுவே செருகுவார். முதலாமவர் எல்லாவற்றையும் மாற்றினார். இரண்டாமவர் எதையும் மாற்றவில்லை. மாற வேண்டியது எது, மாறக்கூடாதது எது என்று இருவருக்கும் யாரும் சொல்லவில்லை. உண்மையில், அளவு முன்னே ஒப்புச்சொல் பின்னே என்ற ஒழுங்கு இரு மொழிக்கும் பொது. ‘இரண்டு வயது மூத்தவர்’ என்பதில் இரண்டு வயது முன்னே. ஆங்கிலத்திலும் ‘டூ இயர்ஸ் ஓல்டர்’ என்று அதே வரிசை. ‘மூன்று அடி உயரம்’, ‘பத்துக் கிலோ கூட’, ‘அரைவாசி குறைவு’ எல்லாம் அப்படியே. பெரிதாக இடம்மாறுவது அடிப்படை ஒன்றுதான். தமிழில் தலையில் நின்றது ஆங்கிலத்தில் ‘தேன்’ அல்லது ‘ஆஸ்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசிக்குப் போகிறது.

இதற்கு அடுத்து கவனிக்க வேண்டியது பொருள் நிற்கும் இடம். தமிழில் ‘21,000 பேர்’ என்று எண்ணும் ஆட்களைக் குறிக்கும் சொல்லும் ஒட்டி நிற்கின்றன. ஆங்கிலத்தில் ஒப்புச்சொல் அந்த எண்ணுக்கும் ஆட்களுக்கும் நடுவே புகுந்து நிற்கிறது. மடங்கு சொல்லும் வாக்கியத்தில் பொருளின் இடம் இரண்டு ‘ஆஸ்’களுக்கும் நடுவே, ‘மச்’ அல்லது ‘மெனி’ என்பதை அடுத்தே. மாணவர்கள் ‘ட்வைஸ் ஆஸ் மச் ஆஸ் கிளிநொச்சி லேண்ட்’ என்று பொருளை வெளியே தள்ளிவிடுகிறார்கள், அது பிழை. நெல், பால், எரிபொருள் முதலியவற்றைக் கிலோ, லீற்றர் என்று அளக்கும்போது அந்த அலகு எண்ணோடு நின்றுவிடும். பண்டம் மட்டும் ஒப்புச்சொல்லுக்குப் பின்னே போகும். ‘டென் கிலோஸ் மோர் ரைஸ்’ என்பது அவ்வாறு அமைந்தது. ‘இந்தக் குளத்தைப்போல் இரு மடங்கு பெரிய குளம்’ என்று பெயரடையைக் கொண்டு ஒப்பிடும்போது ஆங்கிலத்தில் ‘அ டேங்க் ட்வைஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ் திஸ்’ என்று பெயருக்குப் பின்னே ஒப்பீட்டை வைப்பதே எளிது. இவை எல்லாம் ஒரே ஒழுங்கின் கிளைகள். அளவு, ஒப்புச்சொல், பொருள், அடிப்படை என்ற நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் ஒவ்வொரு உதாரணத்தையும் அதன்கீழ் அடுக்கிக் காட்டலாம்.

அடிப்படையை முன்னே வைப்பது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963 இல் வெளியான ஆய்வில் முப்பது மொழிகளின் சொல்வரிசையை ஒப்பிட்டு நாற்பத்தைந்து பொது விதிகளை வகுத்தார். திராவிட மொழிகளுள் கன்னடம் அந்த முப்பதில் இருந்தது. இருபத்திரண்டாவது விதி ஒப்பீட்டைப் பற்றியது. அடிப்படை, அதன் குறி, பண்புச்சொல் என்ற வரிசையில் ஒப்பிடும் மொழிகள் பெயருக்குப் பின்னே உருபு சேர்க்கும் மொழிகளாகவே இருக்கின்றன. பண்புச்சொல்லை முன்வைக்கும் மொழிகளோ மிகப் பெரும்பாலும் உருபைப் பெயருக்கு முன்னே வைப்பவை. அதாவது நாம் ‘கிளிநொச்சியை’ என்று சொல்லி அதன்பின் ‘விட’ என்று சேர்ப்பதும், ‘வீட்டில்’, ‘குளத்துக்கு’ என்று பெயரின் பின்னே உருபு சேர்ப்பதும் ஒரே அமைப்பின் இரண்டு வெளிப்பாடுகள். நமக்கு அயலிலுள்ள சிங்களமும் இப்படித்தான். அங்கும் ஒப்பிடப்படும் அடிப்படை முதலில் வரும், ‘வடா’ என்ற சொல் அதன் பின்னே வரும், அளவு அதற்கும் பின்னே வரும். ஆங்கிலத்தோடு சிங்களத்துக்கு இந்தோ ஐரோப்பியக் குடும்ப உறவு இருந்தும் இந்த இடத்தில் அது தமிழோடுதான் நிற்கிறது. ஆகவே வவுனியாவில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஆங்கில வகுப்பில் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். இது எந்தப் பிள்ளையின் மந்தத்துக்கும் சான்றாகாது.

தமிழ் அளவைத் துல்லியமாக ஒப்பிடத் தகுந்த மொழியன்று, அதனால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். மொழியறிஞர் கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளின் பெயரடைகள் ஒப்பீட்டுக்காக விகுதி ஏற்பதில்லை என்று குறித்தது உண்மை. ‘பெரிய’ என்ற சொல் எப்போதும் ‘பெரிய’தான். ஆனால் அந்தச் சுமையைத் தமிழ் அடிப்படையின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. தொல்காப்பியம் ‘இன்’ என்ற ஐந்தாம் வேற்றுமைக்கு இதனைக்காட்டிலும் இது இப்படிப்பட்டது என்னும் பொருளைத்தான் முதலில் தருகிறது. அது எந்தெந்தப் பண்புகளில் வரும் என்று அடுக்கும்போது நிறம், வடிவம், சுவை ஆகியவற்றோடு அளவையும், பன்மையையும், சின்மையையும் சேர்த்துச் சொல்கிறது. பலவாதலும் சிலவாதலும் ஒப்பிடத்தக்கவை என்று அந்த நூல் தனித்தே எண்ணியிருக்கிறது. உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி போய், இந்த ஒப்பை உறழ்பொரு, உவமப்பொரு என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றை மிஞ்சுவதும் குறைவதும் உறழ்பொரு. ஒன்றோடு சமமாவது உவமப்பொரு. ‘மோர், ஃபியூவர், தேன்’ என்பவை முதல் வகை. ‘ஆஸ் மச் ஆஸ், ஆஸ் மெனி ஆஸ்’ என்பவை இரண்டாம் வகை. நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் வேற்றுமை படிக்கிறார்கள், ஆங்கில வகுப்பில் ஒப்பீடு படிக்கிறார்கள். இரண்டும் ஒரே செய்தி என்று அவர்களுக்கு யார் சொல்கிறார்கள்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அளவு முன்னே ஒப்புச்சொல் பின்னே என்பது இரு மொழிக்கும் பொது என்றால், மாணவர்கள் ஏன் ‘மோர் த்ரீ புக்ஸ்’ என்று எழுதுகிறார்கள்? தமிழில் ‘மேலும் மூன்று புத்தகங்கள்’, ‘இன்னும் மூன்று புத்தகங்கள்’ என்று சொல்வதால்தான். அங்கே ஒப்புச்சொல் போன்ற ஒன்று எண்ணுக்கு முன்னே வருகிறது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. ‘மேலும்’, ‘இன்னும்’ என்பவை இருப்பதோடு சேர்ப்பதைச் சொல்லும் சொற்கள். வாக்கியம் முழுவதற்கும் பொருந்தி நிற்பவை. எதனோடும் ஒப்பிடாமலே அவற்றைச் சொல்லலாம். ஆங்கிலம் இந்தச் சேர்த்தலையும் ஒப்பீட்டையும் ‘மோர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கி, இரண்டுக்கும் ஒரே வரிசையைக் கொடுக்கிறது: ‘த்ரீ மோர் புக்ஸ்’. ஆகவே இந்த ஓரிடத்தில் மாணவர் ‘மேலும் மூன்று’ என்பதை மனத்தில் வைக்காமல், நாம் வீட்டில் பேசும் ‘மூன்று கூட’ என்பதை மனத்தில் வைக்க வேண்டும். ‘மூன்று கூட’ என்பதில் எண் முன்னே, கூட என்பது பின்னே, ஆங்கிலமும் அதுவே. நம் பேச்சுத்தமிழ் இங்கே எழுத்துத்தமிழைவிட நல்ல வழிகாட்டி.

வரிசை பிழைத்தாலும் கருத்து விளங்கிவிடுகிறதே, எதற்கு இத்தனை கவலை என்பது அடுத்த மறுப்பு. சில பிழைகளில் கருத்து விளங்கும். சிலவற்றில் கருத்தே மாறிவிடும், அதை வாசிப்பவர் அறியவும் மாட்டார். ‘டென் மோர் ஃபமிலீஸ் தேன்’ என்று தொடங்கினால் போன மாதத்தைவிடப் பத்துக் குடும்பம் கூட என்று பொருள். அதே சொற்களை ‘மோர் தேன் டென் ஃபமிலீஸ்’ என்று வைத்தால் பத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் என்று பொருள். போன மாதம் அறுபது குடும்பங்களுக்கு உலர் உணவு கொடுத்த ஒரு கிராமத்தில் இம்மாதம் பத்துக் குடும்பம் கூடினால் எழுபது குடும்பங்களுக்குப் பொதி வேண்டும். வரிசை மாறி எழுதப்பட்ட அறிக்கையை வாசிப்பவர் பதினொன்று, பன்னிரண்டு குடும்பம் என்று எடுத்துக்கொள்வார். அடிப்படையை விட்டுவிட்டாலும் இதே கேடுதான். மேற்சொன்ன 2012 மதிப்பீட்டின்படி, கிளிநொச்சியைவிட முல்லைத்தீவில் மக்கள் ஏறத்தாழ 19 வீதம் குறைவு. முல்லைத்தீவைவிடக் கிளிநொச்சியில் ஏறத்தாழ 23 வீதம் கூட. வேறுபாடு அதே 21,000 பேர். எதை அடிப்படையாக எடுக்கிறோம் என்பதால் மட்டுமே 19 என்றும் 23 என்றும் வருகிறது. ஆங்கிலத்தில் அடிப்படை கடைசியில் நிற்பதால், வாக்கியத்தைச் சுருக்குகிறவர் முதலில் வெட்டுவது அதைத்தான். வெட்டிய பின்னும் வாக்கியம் முழுமையானதுபோலத் தோன்றும். தமிழில் தொடங்கும்போதே ‘இதைவிட’ என்று சொல்லிவிடுகிறோம். அந்த நல்ல பழக்கத்தை ஆங்கிலத்துக்குள்ளும் நம் பிள்ளைகள் கொண்டுபோக வேண்டும்.

அடிப்படையைச் சொல்வதன் கனம் என்ன என்பதை இந்த மண்ணின் அண்மைய வரலாறே காட்டுகிறது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில், போருக்குப் பின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இரண்டு எண்களை வைத்தார். கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், கணக்கின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி 2009 யூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். இரண்டுக்கும் இடையே 146,679 பேர். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று விளக்கம் கேட்டார். இறுதி எண் மட்டும் சொல்லப்பட்டிருந்தால் அதை ஊகம் என்று தள்ளிவிடுவது எளிது. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்கு கழிக்கப்பட்டது, ஒவ்வொன்றும் எந்த நாளுக்குரியது, யாருடைய பதிவு என்று சேர்த்தே சொல்லப்பட்டதால், அதை மறுக்க விரும்புகிறவரும் அந்த இரண்டு அடிப்படைகளுக்கும் முகங்கொடுத்தே ஆக வேண்டும். ஓர் ஒப்பீட்டு வாக்கியம் ஒழுங்காக அமைவது இத்தனை பெரிய காரியம். மக்களின் இழப்பும் உரிமையும் எண்ணாக எழுதப்படும் நாட்டில், எண்ணை ஒப்பிடும் இலக்கணத்தை அற்பம் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

மடங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பத்து மூடை விளைந்த நிலத்தில் ‘மூன்று மடங்கு கூட விளைந்தது’ என்றால் முப்பது மூடையா, நாற்பது மூடையா? கூடியது மூன்று மடங்கு என்று கொண்டால் நாற்பது. மொத்தம் மூன்று மடங்கு என்று கொண்டால் முப்பது. ‘ஒரு மடங்கு கூடிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது இரட்டித்தது என்றே கொள்கிறோம்; அந்தக் கணக்கில் மூன்று மடங்கு கூடினால் நாற்பதுதான். ஆனால் பலர் முப்பதைக் கருதியே அப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலும் ‘த்ரீ டைம்ஸ் மோர்’ என்பது இதே குழப்பத்தைத் தருவதால் அதைத் தவிர்க்கச் சொல்லும் எழுத்து வழிகாட்டிகள் உண்டு. இரண்டு மொழியிலும் பாதுகாப்பான வழி உவமப்பொருவில் இருக்கிறது: தமிழில் ‘போன போகத்தைப்போல் மூன்று மடங்கு’, ஆங்கிலத்தில் ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி பேக்ஸ் ஆஸ்’. மடங்குக்கு ‘ஆஸ்’, கூடுதல் குறைதலுக்கு ‘தேன்’ என்று பிரித்துக் கற்பித்தால் இந்தக் குழப்பம் வகுப்பறையைத் தாண்டாது.

இறுதி மறுப்பு மிகவும் மதிப்புக்குரியது. நல்ல ஆங்கில ஆசிரியர்களே அதைச் சொல்வார்கள். தமிழிலிருந்து பெயர்த்து எழுதும் பழக்கமே நோய். பிள்ளை ஆங்கிலத்திலேயே சிந்திக்க வேண்டும். தமிழை நடுவில் கொண்டுவராதீர்கள் என்பது அவர்கள் வாதம். ஆங்கிலம் காதில் ஓயாமல் விழும் சூழலில் வளரும் பிள்ளைக்கு இது பொருந்தும். முறிகண்டியிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ உள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் கிழமையில் சில பாடவேளைகள்தான். மிச்ச நேரமெல்லாம் தமிழ். அந்தப் பிள்ளை ஆங்கில வாக்கியத்தை எழுதும் முன் கணக்கைத் தமிழிலேயே செய்துவிடுகிறது. நாம் தடுத்தாலும் தமிழ் நடுவில் இருக்கும். ஆசிரியர் அறியாமல் இருக்கும், அவ்வளவுதான். அறியாமல் இருக்கும் தமிழ் பிழையைப் பிறப்பிக்கிறது. வெளியே எடுத்து, இங்கே ஒத்துப்போகிறது, இங்கே அடிப்படை இடம்மாறுகிறது என்று காட்டிய தமிழ் அதே பிழையைத் திருத்துகிறது. பழகப் பழக வரிசை கையில் படிந்துவிடும்; அதன்பின் பெயர்க்கும் தேவை தானாகவே போய்விடும். ஆங்கிலத்தில் சிந்திப்பது அந்தப் பயிற்சியின் முடிவில் கிடைப்பது. அதைத் தொடக்கத்திலேயே கேட்டால் பிள்ளை மௌனமாகிவிடும்.

ஆகவே ஆசிரியர்களை வேண்டிக்கொள்கிறேன்: வாக்கியத்தைத் தலைகீழாக்கு என்ற பழைய அறிவுரையை அளவு ஒப்பீட்டில் கைவிடுங்கள். அளவு, ஒப்புச்சொல், பொருள், அடிப்படை என்ற நான்கு பெயர்களைத் தமிழிலேயே சொல்லிக்கொடுங்கள். உதாரணங்களை நம் குளங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் மாவட்டச் செயலகம் வெளியிடும் புள்ளிவிவரங்களிலிருந்தும் எடுங்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஐந்தாம் வேற்றுமையையும் ஒப்பீட்டையும் ஒரே கிழமையில் கற்பிக்கத் திட்டமிடுங்கள். மாணவர்களே, ஆங்கிலத்தில் ஓர் அளவை ஒப்பிட்டு எழுதி முடித்ததும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அளவு ஒப்புச்சொல்லுக்கு முன்னே நிற்கிறதா? எதனோடு ஒப்பிட்டேன் என்பது வாக்கியத்தின் கடைசியில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால் உங்கள் வாக்கியத்தை எந்த மேசையிலும் துணிந்து வைக்கலாம். வன்னியின் கணக்கை உலகுக்குச் சொல்லப்போகிறவர்கள் நீங்கள். அதை யாரும் திரித்து வாசிக்க முடியாதபடி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்.